ஐ-44 பக்கத்தில் காசில்லாமல் கூடாரம்: மிசௌரி கன்சர்வேஷன் ஏரியாக்கள் பற்றிய விவாதம்

#1 வழிப்போக்கன்

அமெரிக்காவில் செயின்ட் லூயிஸிலிருந்து ஐ-44 நெடுஞ்சாலையில் டல்சா போகும் வழியில் ஓர் இரவு தங்க வேண்டும். அக்டோபர் கடைசி வெள்ளி. இரண்டு பெரியவர்கள், 9 வயதுப் பிள்ளை, சாதாரண செடான் கார். லீஸ்பர்க் பக்கத்தில் ஹஸா கன்சர்வேஷன் ஏரியாவில் இலவசமாகத் தங்கலாம் என்று ஒரு ஆப் காட்டுகிறது.

1. முன்பதிவு, அனுமதிச் சீட்டு ஏதாவது வேண்டுமா?
2. இரவு 11 மணிக்குப் போய்ச் சேர்ந்தால் பிரச்சினை வருமா?
3. ஆற்றோரச் சரளைத் திட்டில் டென்ட் போடலாமா?
4. கேசட் அடுப்பில் (சின்ன வாயுக் கேன் போட்டு எரிக்கும் கையடக்க அடுப்பு) தோசை சுட முடியுமா?

#2 ஓசார்க்வாசி

முதலில் நிலம் யாருடையது என்று தெரிந்துகொள்ளுங்கள். அதில் குழம்பினால் மற்ற எல்லாமே குழம்பிவிடும். ஐ-44 ஓரமாக நான்கு வகைப் பொதுநிலம் இருக்கிறது. வரைபடத்தில் நான்குக்கும் ஒரே பச்சை நிறம்.

கன்சர்வேஷன் ஏரியா, மாநிலத்தின் கன்சர்வேஷன் டிபார்ட்மென்ட் (எம்டிசி) கையில் இருப்பது. வனவிலங்குக்காகவும் வேட்டை, மீன்பிடிக்காகவும் வைத்திருக்கும் நிலம். முகாம் அனுமதித்த ஏரியாக்களில் கட்டணம் இல்லை. ஸ்டேட் பார்க் வேறு துறையுடையது. உள்ளே நுழையக் காசு இல்லை, இரவு தங்கக் காசு உண்டு. மார்க் ட்வைன் நேஷனல் ஃபாரஸ்ட் மத்திய அரசின் காடு. அங்கே பெரும்பாலான இடங்களில் இலவசமாகத் தங்கலாம், 14 நாள் வரை. நான்காவது நேஷனல் வைல்ட்லைஃப் ரெஃப்யூஜ். பெயரில் 'வைல்ட்லைஃப்' இருப்பதால் கன்சர்வேஷன் ஏரியா மாதிரிதான் என்று நினைத்துவிடுகிறார்கள். தென்கிழக்கு மிசௌரியில் இருக்கும் மிங்கோ ரெஃப்யூஜ் இந்த வகை. அங்கே முகாமுக்கு அனுமதியே கிடையாது.

உங்கள் கேள்விகளுக்கு வருகிறேன். சின்னக் குடும்பத்துக்கு முன்பதிவு வேண்டாம், சீட்டும் வேண்டாம். பத்துப் பேருக்கு மேல் போகும் கூட்டம் என்றால் முன்கூட்டியே சிறப்பு அனுமதி வாங்க வேண்டும். ஒரே ஏரியாவில் 30 நாளுக்குள் 14 நாள்தான் உச்சவரம்பு. தூண்டில் போடுவதாக இருந்தால் 16 வயது ஆனவர்களுக்கு மீன்பிடி பெர்மிட் தனியாக வேண்டும். உங்கள் பிள்ளைக்கு வேண்டியதில்லை.

ஆப்பில் 'ஃப்ரீ' என்று பச்சைப் புள்ளி இருப்பதை மட்டும் நம்பாதீர்கள். எம்டிசி தளத்தில் ஒவ்வொரு ஏரியாவுக்கும் தனிப் பக்கம், தனி வரைபடம், தனி விதிப் பட்டியல் இருக்கிறது. முகாம் என்ற வரியில் என்ன எழுதியிருக்கிறது என்று படியுங்கள். ஒரு இடத்தில் குறியிட்ட இடங்களில் மட்டும் என்றிருக்கும். இன்னொரு இடத்தில் நடந்து உள்ளே போய்ப் போடலாம் என்றிருக்கும். பல ஏரியாக்களில் முகாமே கிடையாது. ஹஸாவில் குறியிட்ட இடங்கள்தான்.

#3 வாகை

ஓசார்க்வாசி சொன்னதில் 'முகாமே கிடையாது' என்பது ரொம்ப முக்கியம். "டென்ட் போட மாட்டோம், கார் சீட்டைச் சாய்த்துத் தூங்கிவிட்டுக் காலையில் கிளம்பிவிடுவோம், அது முகாம் ஆகாது" என்று நிறையப் பேர் வாதம் செய்வார்கள். அந்த வாதம் அங்கே செல்லாது.

கன்சர்வேஷன் ஏரியாக்கள் பொதுவாகக் காலை 4 மணி முதல் இரவு 10 மணி வரைதான் திறந்திருக்கும். 10க்கு மேல் உள்ளே இருக்க வேண்டுமென்றால் அங்கே அனுமதித்த காரியம் ஒன்றைச் செய்துகொண்டிருக்க வேண்டும்: வேட்டை, மீன்பிடி, முகாம், படகு இறக்குவது போன்றவை. முகாம் அனுமதி இல்லாத ஏரியாவின் பார்க்கிங்கில் நீங்கள் தூங்கிக்கொண்டிருந்தால், மூடிய நிலத்தில் இருக்கிறீர்கள். டென்ட் இருக்கிறதா இல்லையா என்ற பேச்சே அங்கே எழாது. கன்சர்வேஷன் ஏஜென்ட், அதாவது துறையின் காவலர், சட்ட அதிகாரம் உள்ளவர். கண்ணாடியைத் தட்டினால் அபராதச் சீட்டு எழுதலாம்.

முகாம் அனுமதி உள்ள ஏரியா என்றால் இரவு 11 மணிக்குப் போவது குற்றமில்லை. ஆனால் செய்யாதீர்கள். காரணத்தை அடுத்து வருபவர்கள் சொல்வார்கள்.

#4 செம்மண்

நான் சொல்கிறேன். ஐ-44ல் 214ஆம் எக்ஸிட், அங்கிருந்து ரூட் எச் பிடித்துத் தென்கிழக்கே போகவேண்டும். ஏழு மைல் போனால் ஓனன்டாகா கேவ் ஸ்டேட் பார்க். ஹஸா ஏரியா அதன் அக்கம்பக்கத்திலேயே இருக்கிறது. நெடுஞ்சாலையை விட்டு இறங்கியதும் சாலை வளைந்து வளைந்து பள்ளத்தாக்குக்குள் இறங்கும், விளக்கு கிடையாது, மான் குறுக்கே ஓடும். அக்டோபர் கடைசி, நவம்பர் என்றால் மான்கள் இணை தேடும் காலம். சாலையில் நின்று பார்க்கக்கூட மாட்டா. போன் சிக்னல் பள்ளத்தில் அறுந்துவிடும். வரைபடத்தையும் ஏரியா பிடிஎஃப்பையும் லீஸ்பர்க் வருவதற்கு முன்பே போனில் இறக்கிவைத்துக்கொள்ளுங்கள்.

இருட்டில் போனால் வரும் பெரிய தொல்லை எல்லை. கன்சர்வேஷன் ஏரியா ஒரே சதுரமாக இருக்காது. தனியார் நிலம் நடுவில் நுழைந்து நுழைந்து வெளியே வரும். மிசௌரியில் மரத்தில் ஊதா நிறப் பெயின்ட் கோடு இருந்தால் 'உள்ளே வராதே' என்று அர்த்தம். அது சட்டப்படி பலகைக்குச் சமம். 8 அங்குலமாவது நீளமுள்ள நெட்டுக்கோடு, தரையிலிருந்து 3 முதல் 5 அடி உயரத்தில், 100 அடிக்கு ஒன்றாவது இருக்கும். பகலில் பளிச்சென்று தெரியும். டார்ச் வெளிச்சத்தில் மரப்பட்டையின் கறுப்போடு கலந்துவிடும்.

சூரியன் மறைய ஒரு மணி நேரம் இருக்கும்போதே உள்ளே போய்விடுங்கள். அக்டோபர் கடைசியில் ஆறு, ஆறேகாலுக்கே மறைந்துவிடும்.

#5 கரைமேல்

சரளைத் திட்டு கேள்வி. வேண்டாம் என்பது என் பதில். இரண்டு காரணம், ஒன்று சட்டம், ஒன்று தண்ணீர்.

சட்டம்: 1954ல் மிசௌரி உச்ச நீதிமன்றம் எல்டர் எதிர் டெல்கோர் வழக்கில் ஒரு தீர்ப்பு சொன்னது. வழக்கே மெரமெக் ஆற்றைப் பற்றியதுதான். ஆற்றின் அடி தனியாருக்குச் சொந்தமாக இருந்தாலும் படகில் மிதந்து போகவும், தண்ணீரில் இறங்கி நடக்கவும், மீன் பிடிக்கவும் பொதுமக்களுக்கு உரிமை உண்டு என்றது. இதைப் பிடித்துக்கொண்டு "திட்டில் படுத்துத் தூங்கவும் உரிமை உண்டு" என்று இணையம் முழுக்க எழுதுகிறார்கள். இரவுத் தங்கலை அந்தத் தீர்ப்பு தீர்த்துவைக்கவில்லை. கன்சர்வேஷன் ஏரியாவுக்குள் இருக்கும் திட்டு என்றால் ஏரியா விதிதான் பேசும். ஹஸாவில் குறியிட்ட இடம் என்றால் குறியிட்ட இடம்தான்.

தண்ணீர்: கோர்ட்வா ஓடை ஹஸா ஓடையில் சேர்கிறது, ஹஸா கொஞ்ச தூரத்தில் மெரமெக்கில் சேர்கிறது. மூன்றும் கூடும் இடத்தில்தான் இந்த ஏரியா. தெற்கே மலைப்பக்கம் மழை கொட்டினால் உங்கள் தலைக்கு மேல் நட்சத்திரம் தெரியும்போதே ஓடை ஏறும். செங்குத்தான சரிவு, மேல்மண் மெல்லிசு, கீழே பாறை. விழுந்த மழை ஊற நேரமில்லாமல் ஓடைக்கு வந்துவிடும். திட்டில் செடி முளைக்காமல் வெறும் கல்லாக இருப்பதற்குக் காரணமே அடிக்கடி வெள்ளம் அதன் மேல் போவதுதான்.

கிளம்புமுன் யுஎஸ்ஜிஎஸ் (அமெரிக்க நிலவியல் ஆய்வுத் துறை) தளத்தில் நீர்மட்ட அளவீடுகளைப் பாருங்கள். பெர்ரிமேனில் கோர்ட்வாவுக்கு ஒன்று, ஸ்டீல்வில் பக்கத்தில் ஹஸாவுக்கு ஒன்று. கோடு மேல்நோக்கித் திரும்பியிருந்தால் இடத்தை மாற்றுங்கள். மரத்தில் சிக்கிய குப்பை, புல் கற்றை எந்த உயரத்தில் தொங்குகிறது என்று இடத்தில் போய்ப் பாருங்கள். போன வெள்ளம் அதுவரை வந்திருக்கிறது.

#6 வாகை

கரைமேல், உள்ளதுதான். கூடவே தரைப்பாலத்தையும் சேர்த்துவிடுங்கள். ஓசார்க் பக்கம் சின்னச் சாலைகளில் தரைப்பாலம் நிறைய. உள்ளே போகும்போது காய்ந்து கிடக்கும், காலையில் மேலே தண்ணீர் ஓடும். ஆறு அங்குலம் ஓடும் தண்ணீர் ஆளைச் சாய்க்கும். ஒரு அடி சின்னக் காரைத் தூக்கும். இரண்டு அடியில் எஸ்யுவியும் போய்விடும். தண்ணீர் கலங்கலாக இருந்தால் அடியில் சாலை அரித்துப்போயிருப்பதும் தெரியாது. அந்த நிலையில் இருந்த இடத்திலேயே காத்திருங்கள்; இந்தச் சின்ன ஓடைகள் ஏறிய வேகத்திலேயே வடிந்துவிடுவதும் உண்டு. அதற்காகவே ஒரு நாள் அதிகச் சாப்பாடும் தண்ணீரும் காரில் இருக்க வேண்டும்.

#7 நெடுஞ்சாலைப்பறவை

இத்தனை கெடுபிடி எதற்கு? ஓர் இரவுதானே. ஐ-44 ஓரத்திலேயே ரெஸ்ட் ஏரியா இருக்கிறது, லாரி நிறுத்துமிடம் இருக்கிறது. சும்மா கிடைக்கும் இடத்துக்கு இவ்வளவு படிக்க வேண்டுமா?

#8 ஓசார்க்வாசி

தூக்கம் மட்டும் போதும் என்றால் நீங்கள் சொல்வது சரி. லாரி நிறுத்துமிடமே நல்லது, கழிப்பறையும் இருக்கும். காட்டில் ஓர் இரவு வேண்டும் என்பவருக்குத்தான் இந்தப் பேச்சு.

ஆனால் 'சும்மா கிடைக்கும்' என்பதை ஏற்க மாட்டேன். 1976ல் மிசௌரி மக்கள் வாக்களித்து, ஒரு சதவீதத்தில் எட்டில் ஒரு பங்கு விற்பனை வரியைக் கன்சர்வேஷனுக்கு என்று அரசியல் சாசனத்திலேயே எழுதிவைத்தார்கள். 8 டாலருக்குச் சாமான் வாங்கினால் 1 சென்ட். ஐ-44 ஓரத்தில் உள்ள கியூபா என்ற ஊரில் நிறுத்தி ரொட்டியும் பாலும் வாங்குகிற வெளியூர்க்காரரும் அதைக் கட்டுகிறார். அதோடு 1937ன் பிட்மன்–ராபர்ட்சன் சட்டப்படி துப்பாக்கி, தோட்டாவுக்கு மத்திய அரசு வசூலிக்கும் வரி மாநிலங்களுக்கு வனவிலங்குப் பணிக்காகப் பிரித்துத் தரப்படுகிறது; நீளத் துப்பாக்கிக்கும் தோட்டாவுக்கும் 11 சதவீதம். வேட்டை, மீன்பிடி பெர்மிட் பணம் தனி. கூடாரக்காரர்களான நாம் தனியாக ஒன்றும் கட்டுவதில்லை. அந்த நிலத்தில் மானும் வான்கோழியும் காடையும் முதலில், வேட்டைக்காரர் அடுத்து, நாம் அதற்கப்புறம். குப்பைத் தொட்டி, குழாய், மின்சாரம் எதுவும் இல்லாததற்கும் இதுதான் காரணம். பணம் போகிற இடம் வேறு.

குப்பை குவிந்தால் துறை செய்வது ஒன்றுதான்: அந்த இடத்தில் முகாமை மூடிவிடும். அதனால்தான் இவ்வளவு அழுத்திச் சொல்கிறோம்.

#9 ஆரஞ்சுச்சட்டை

யாரும் இன்னும் வேட்டைக்காலத்தைத் தொடவில்லை. கேட்டவர் குறித்த தேதி கவனம் கேட்கிற தேதி.

அக்டோபர் முழுவதும் வான்கோழிக்குத் துப்பாக்கி வேட்டை உண்டு. வில் வேட்டை செப்டம்பர் 15லேயே தொடங்கியிருக்கும். சிறுவர்களுக்கான துப்பாக்கி மான் வேட்டை ஒரு வார இறுதி வரும், வருடத்தைப் பொறுத்து அக்டோபர் கடைசியிலோ நவம்பர் முதலிலோ விழும். உங்கள் சனிக்கிழமை அதில் மாட்டுகிறதா என்று எம்டிசி பருவப் பட்டியலில் பாருங்கள். மாட்டினாலும் தடையில்லை, ஆனால் விடியுமுன்பே பக்கத்தில் கார்க் கதவுகள் சாத்தும் சத்தம் கேட்கும், சூரிய உதயத்துக்கு அரை மணி முன்பிருந்து வெடிச் சத்தமும் கேட்கலாம். பிள்ளைக்கு முதல் நாளே சொல்லிவையுங்கள்.

முக்கியத் துப்பாக்கி மான் பருவம் நவம்பர் நடுவில் ஒரு சனிக்கிழமை தொடங்கி 11 நாள். அதற்கு முந்தின வெள்ளி இரவு எந்தக் கன்சர்வேஷன் ஏரியாவிலும் இடம் கிடைக்கும் என்று நம்பிப் போகாதீர்கள். வசந்தத்தில் வான்கோழிப் பருவம் ஏப்ரல் மூன்றாம் திங்கள் தொடங்கி மூன்று வாரம். பொதுநிலத்தில் மதியம் 1 மணியோடு வேட்டை முடிந்துவிடும். அதனால் ஏப்ரலில் நடைப்பயணத்தை மதியத்துக்குத் தள்ளிப்போடுவது சுலபமான தீர்வு.

டென்ட்டை விட்டு நகர்ந்தால் மூன்று பேரும் பளிச்சிடும் ஆரஞ்சுத் தொப்பியும் மேல்சட்டையும். வேட்டைக்காரருக்குத் துப்பாக்கி மான் பருவத்தில் அது சட்டக் கட்டாயம், உங்களுக்குப் பாதுகாப்பு. புள்ளி புள்ளியாக மறைவு வடிவம் போட்ட ஆரஞ்சு கணக்கில் வராது. வெள்ளை, பழுப்பு, கறுப்பு வேண்டாம். வெள்ளைக் கைக்குட்டைகூட மானின் வால் மாதிரி தெரியும். வான்கோழிப் பருவத்தில் இவற்றோடு சிவப்பும் நீலமும் வேண்டாம், ஆண் வான்கோழியின் தலை நிறம் அது.

சில ஏரியாக்களைக் குறிப்பிட்ட நாள்களில் குலுக்கலில் தேர்வான வேட்டைக்காரர்களுக்கு மட்டும் என்று மூடிவிடுவார்கள். அந்த அறிவிப்பு ஏரியா பக்கத்தின் மேலேயே இருக்கும்.

#10 தணல்

கேசட் அடுப்பு பற்றி நான் எழுதியே ஆக வேண்டும். நம் வீடுகளில் எல்லாரிடமும் இருப்பது, விபத்தும் அதிகம்.

கேன் படுத்திருக்கும் பெட்டி பர்னருக்குப் பக்கத்திலேயே இருக்கிறது. பர்னரைவிடப் பெரிய தோசைக்கல்லையோ அகலமான பாத்திரத்தையோ வைத்தால் அது பெட்டியின் மேல் வரை நீண்டு, சூட்டைக் கேன் மேல் திருப்பும். கேனுக்குள் அழுத்தம் ஏறும். நல்ல அடுப்பில் அழுத்தம் கூடினால் கேனைத் தானே கழற்றிவிடும் பொறி உண்டு. அதையே நம்பிச் சமைக்கக் கூடாது. இரண்டு அடுப்பை ஒட்டிவைத்து மேலே ஒரே பெரிய கல் போடுவதும், காற்றுக்கு மறைப்பு என்று தகரத்தை நான்கு பக்கமும் சுற்றுவதும் இதே தப்பு. மறைப்பு காற்று வரும் பக்கம் மட்டும், அடுப்பிலிருந்து ஒரு அடி தள்ளி. பாத்திரம் வைக்கும் தாங்கி தலைகீழாக இருக்கும்போது பற்றவைப்பதும், அடுப்பைக் கொண்டுவந்த பெட்டிக்குள் வைத்தே பற்றவைப்பதும் ஆபத்து.

தோசைக்கல் என்றால் 10 அங்குலத்துக்குள். கேன் பெட்டியின் மூடியைத் தொட்டுப் பாருங்கள். கை வைக்க முடியாத சூடு என்றால் அணைத்துவிடுங்கள்.

குளிர் வேறு. பியூட்டேன் கொதிநிலை மைனஸ் அரை டிகிரி செல்சியஸ். அக்டோபர் கடைசி விடியலில் அந்தப் பள்ளத்தாக்கில் உறைநிலை வரை போகலாம். கேனில் வாயு இருக்கும், அடுப்பு மட்டும் எரியாது. 'கேன் காலி' என்று தூக்கிப் போடாதீர்கள். இரவு கேனைப் படுக்கைப் பையின் கால்மாட்டில் வைத்துக்கொண்டால் காலைக் காப்பிக்குப் போதும். தணலின் பக்கத்தில் வைத்துச் சூடேற்றுவது கூடவே கூடாது. நவம்பர் முதல் மார்ச் வரை ஒரு பவுண்டு புரொப்பேன் சிலிண்டரில் ஓடும் அடுப்பே சரி. புரொப்பேன் மைனஸ் 42 வரை ஆவியாகும்.

டென்ட்டுக்குள் அடுப்போ கரியோ எரிக்கக் கூடாது. மழை என்றாலும். கார்பன் மோனாக்சைடுக்கு வாசனை இல்லை.

விறகு: அந்த இடத்திலேயே விழுந்து காய்ந்து கிடப்பதை அங்கேயே எரிக்க அனுமதி உண்டு. நிற்கிற மரத்தைத் தொடாதீர்கள், செத்ததாக இருந்தாலும். வீட்டிலிருந்து விறகு கொண்டுவராதீர்கள். ஆஷ் மரங்களைக் கொல்லும் எமரால்ட் ஆஷ் போரர் என்ற பச்சை வண்டு மிசௌரியில் முதலில் 2008ல் வாப்பபெல்லோ ஏரி பக்கத்து முகாமிடம் ஒன்றில்தான் பிடிபட்டது. விறகோடு பயணம் செய்யும் பூச்சி அது.

அக்டோபரில் ஓக் இலை கணுக்கால் ஆழம் கிடக்கும். நெருப்பு வளையத்தைச் சுற்றி பத்தடிக்கு இலையை ஒதுக்குங்கள். அணைக்கும்போது தண்ணீர் ஊற்றி, கிளறி, மறுபடி ஊற்றி, புறங்கையை வைத்துப் பாருங்கள். வெதுவெதுப்பு இருந்தால் அணையவில்லை. பத்து லிட்டர் இதற்கென்றே ஒதுக்குங்கள், ஓடைத் தண்ணீர் போதும்.

#11 ஊற்றுக்கண்

குடிக்கும் தண்ணீர் அங்கே இல்லை. ஆளுக்கு ஒரு நாளைக்கு 4 லிட்டர், கழுவ இன்னும் 4 லிட்டர் பொதுவாக. உங்கள் மூவருக்கும் ஓர் இரவுக்கு 20 லிட்டர் கேன் ஒன்று வசதியாகப் போதும். கியூபாவிலோ சல்லிவனிலோ நிரப்பிக்கொள்ளுங்கள்.

ஓசார்க் ஊற்றுத் தண்ணீர் கண்ணாடி மாதிரி இருக்கும், சில்லென்று இருக்கும். அதைப் பார்த்து ஏமாறாதீர்கள். அடியில் முழுக்கச் சுண்ணாம்புக்கல் குகை. மேலே மாட்டுக் கொட்டிலிலும் கழிவுத் தொட்டியிலும் இறங்குகிற தண்ணீர் மண்ணில் வடிகட்டப்படாமல் பிளவு வழியாக நேரே ஊற்றுக்கு வந்துவிடும். கொதிக்க ஆரம்பித்த பிறகு ஒரு நிமிடம் கொதிக்கவிடுங்கள். வாசனை சேர்க்காத வீட்டு பிளீச் என்றால் லிட்டருக்கு 2 சொட்டு, அரை மணி நேரம் காத்திருப்பு. தண்ணீர் கலங்கலாக இருந்தால் துணியில் வடித்து, சொட்டை இரட்டிப்பாக்குங்கள். மெல்லிய குழாய் இழைகள் கொண்ட தண்ணீர் வடிகட்டி வைத்திருப்பவர்கள் உறைபனி இரவில் அதை உடம்போடு வைத்துக்கொள்ள வேண்டும். உள்ளே தங்கிய ஈரம் உறைந்தால் இழை வெடிக்கும், வெளியே ஒன்றும் தெரியாது, கிருமி நேரே வரும்.

இதே காரணத்துக்காகக் கழிப்பிட விஷயமும். சில ஏரியாக்களில் கழிப்பறைக் கொட்டகை உண்டு, பலவற்றில் இல்லை. 'ஆறு அங்குலம் தோண்டு' என்று எல்லாப் புத்தகமும் சொல்லும். இங்கே மூன்று அங்குலத்தில் சக்கிமுக்கிக் கல் அடுக்கு வந்து பிளாஸ்டிக் மண்வெட்டி உடையும். ஓடையிலிருந்து 200 அடி தள்ளித் தோண்ட முடிந்தால் சரி. முடியவில்லையா, ஜெல் பொடி போட்ட கழிவுப் பையில் பிடித்துக் கொண்டுபோய்விடுங்கள். உங்கள் மூவருக்கும் ஓர் இரவுக்கு நான்கு பை. தரை கிண்ணம் போலக் குழிந்த இடத்தில் மட்டும் போகவே கூடாது. அது பெரும்பாலும் சிங்க்ஹோல், நேரே யாரோ குடிக்கும் ஊற்றுக்குப் போகும் வாய்.

பாத்திரம் கழுவிய தண்ணீரையும் சல்லடையில் வடித்து 200 அடி தள்ளிச் சிதறித் தெளியுங்கள். சல்லடையில் நிற்கும் சோற்றுப் பருக்கை, கறிவேப்பிலை குப்பைப் பைக்கு.

#12 செம்மண்

கல் தரை என்றதும் ஞாபகம் வருகிறது: டென்ட்டோடு வரும் மெல்லிய அலுமினிய ஆணிகள் வளைந்துபோகும். 10 அங்குல இரும்பு ஆணிகள் எட்டு, ஒரு சின்னச் சுத்தியல் எடுத்துக்கொள்ளுங்கள். தானாக நிற்கும் வகை டென்ட் என்றால் மேலும் நல்லது. ஆணி இறங்கவே இல்லையென்றால் கயிற்றைப் பாறையில் கட்டுங்கள். மரத்தில் ஆணி அடிக்க அனுமதி இல்லை.

இடம் தேர்வு செய்யும்போது மேலே பாருங்கள். காய்ந்த கிளை தொங்கும் மரத்துக்கடியில் வேண்டாம். கார் திறந்த சாலையிலும் பார்க்கிங்கிலும் மட்டும். புல்மேல் ஏற்றினால் அபராதமும் உண்டு, மழைக்குப் பிறகு செடான் மாட்டவும் செய்யும்.

#13 மருத்துவச்சி

உண்ணி. அக்டோபர் கடைசியில் குறையும், ஒழியாது. மிசௌரியில் அதிகம் கடிப்பது லோன் ஸ்டார் உண்ணி. அது எர்லிகியோசிஸ் காய்ச்சலைக் கொடுக்கும். ஆல்ஃபா-கால் என்ற ஒவ்வாமையையும் கொடுக்கும். அது வந்தால் ஆட்டுக்கறி, மாட்டுக்கறி, பன்றிக்கறி சாப்பிட்ட சில மணி நேரம் கழித்துத் தடிப்பு, வயிற்றுவலி, சிலருக்கு மூச்சுத்திணறல். பாலே ஒத்துக்கொள்ளாமல் போகிறவர்களும் உண்டு.

0.5 சதவீதப் பெர்மெத்ரின் பூச்சிக்கொல்லியைக் காலணி, சாக்ஸ், பேன்ட்டில் தெளித்து முந்தின நாளே முழுசாகக் காயவையுங்கள். அது துணிக்கு மட்டும், தோலுக்கு இல்லை. வீட்டில் பூனை இருந்தால் ஈரமாக இருக்கும்போது அண்டவிடாதீர்கள். தோலுக்கு 20–30 சதவீத டீட் பூச்சி விரட்டி. பேன்ட்டைச் சாக்ஸுக்குள் செருகுங்கள். இரவு படுக்குமுன் பிள்ளையின் முழங்கால் மடிப்பு, அக்குள், இடுப்புப் பட்டி, காதுக்குப் பின், தலைமுடி எல்லாம் பாருங்கள். ஒட்டியிருந்தால் கூர் ட்வீசரால் தோலோடு ஒட்டிப் பிடித்து நேராக மேலே இழுக்க வேண்டும். எண்ணெய், தீக்குச்சி, நெயில் பாலிஷ் வைத்தியம் வேண்டாம். உண்ணி உமிழ்ந்துவிடும், அதுதான் தொற்று. ஊர் போய்ச் சேர்ந்ததும் உலர்ந்த துணிகளை டிரையரில் அதிகச் சூட்டில் பத்து நிமிடம் ஓட்டினால் ஒளிந்திருப்பவை சாகும்.

ஆகஸ்ட், செப்டம்பரில் போகிறவர்களுக்கு: கடுகு அளவுகூட இல்லாத உண்ணிக்குஞ்சுகள் நூற்றுக்கணக்கில் ஒரே இலையிலிருந்து ஏறும். தட்டாதீர்கள், சொறியாதீர்கள். அகல டேப்பை ஒட்டி ஒட்டி எடுங்கள்.

பாம்பு: காப்பர்ஹெட், காய்ந்த இலை நிறத்தில். வெதுவெதுப்பான மாலைகளில் இன்னும் நடமாடும். விறகைக் கையால் அள்ளுமுன் குச்சியால் புரட்டுங்கள், இருட்டியபின் செருப்பில் நடக்காதீர்கள்.

#14 நெடுஞ்சாலைப்பறவை

ஓசார்க்வாசியின் #8ஐப் படித்தேன். ஏற்றுக்கொள்கிறேன், வரி விஷயம் எனக்குத் தெரியாது. கரடி உண்டா அங்கே?

#15 ஓசார்க்வாசி

உண்டு. மிசௌரியில் கருங்கரடிகள் பெரும்பாலும் ஐ-44க்குத் தெற்கேதான், ஹஸாவும் தெற்கே. 2021 அக்டோபரில் மாநிலம் கரடி வேட்டையையே தொடங்குமளவு எண்ணிக்கை ஏறியிருக்கிறது. ஆனால் உங்கள் சாம்பாரைத் திருடப்போவது ரக்கூன். ஐஸ் பெட்டியின் கொக்கியை விரலால் திறக்கும். சாப்பாடு, பற்பசை, குப்பை எல்லாம் கார் டிக்கியில், கண்ணாடி ஏற்றிப் பூட்டி. டென்ட்டுக்குள் பிஸ்கட்கூட வேண்டாம். நாயைக் கூட்டிவருகிறவர்கள் கயிற்றில் வைத்திருங்கள்.

#16 வழிப்போக்கன்

அனைவருக்கும் நன்றி. திட்டத்தை மாற்றியிருக்கிறேன். பிற்பகல் 2 மணிக்குக் கிளம்பி, சல்லிவனில் தண்ணீர் நிரப்பி, 214 எக்ஸிட், 4.30க்குள் ஹஸா. குறியிட்ட இடம் நிறைந்திருந்தால் ஓனன்டாகா பார்க்கில் காசு கட்டித் தங்கல். மூன்று ஆரஞ்சுத் தொப்பி, இரும்பு ஆணி, 20 லிட்டர், நான்கு பை. தோசை வேண்டாம், உப்புமா. ஏதாவது விடுபட்டதா?

#17 கரைமேல்

இரண்டு. புதன்கிழமையும் வெள்ளி காலையும் இரண்டு அளவீடுகளையும் பாருங்கள். நடுவில் ஏறியிருந்தால் நேரே ஓனன்டாகாவுக்குப் போய்விடுங்கள், அங்கேயும் மேட்டுப்பக்க இடம் கேளுங்கள். அந்தப் பார்க் இடத்தை முன்பதிவு செய்ய முடியும். வெள்ளிக்கிழமை மாலை நம்பிப் போகாமல், ரத்து விதியைப் படித்துவிட்டு இப்போதே ஒன்றைப் பிடித்துவையுங்கள்.

#18 ஆரஞ்சுச்சட்டை

மேல்சட்டையும் ஆரஞ்சில். தொப்பி மட்டும் போதாது, பிள்ளை புதருக்குப் பின்னால் குனிந்தால் தொப்பி மறைந்துவிடும். விளையாட்டுக் கடையில் மெல்லிய வலை மேலங்கி கிடைக்கும், ஜாக்கெட் மேலேயே போடலாம்.